ஒரே பக்கத் தளம் கூகுளில் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சிறு கடைகளுக்கும் தனித்தொழில் செய்பவர்களுக்கும் தளம் அமைத்துக் கொடுப்பதும், பழுதான தளங்களைச் சரிசெய்வதும் என் வேலை. அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: "என் தளம் ஒரே பக்கம். அதனாலதான் கூகுள்ல வர மாட்டேங்குதாம். பத்துப் பக்கமா மாத்திக் குடுங்க சார்." திறந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் பக்க எண்ணிக்கையாக இருப்பதில்லை. யாரோ எடுக்க மறந்த ஒரு டிக் குறி, எழுத்துக்குப் பதிலாக வைத்த ஒரு படம், மாறிப்போன ஒரு முகவரி என்று ஏதாவது இருக்கும்.

ஒரே பக்கத் தளம் தேடலில் முன்னால் வருமா? வரும். ஆனால் ஒரு பக்கம் ஒரு விஷயத்துக்குத்தான் வலுவாக நிற்கும். ஊரில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒரு பக்கம் தாராளமாகப் போதும். எட்டு விதமான வேலை எடுக்கும் கடைக்குப் போதாது. உங்கள் தளம் இதில் எந்த வகை என்பது அறிகுறியைப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு பிடிக்கும் காரணம் வரை போகிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

## கை வைப்பதற்கு முன்

உங்கள் போனில் உங்கள் தளத்தை நீங்களே நூறு முறை திறந்திருப்பீர்கள். அதே போனில் தேடிப் பார்ப்பது சோதனை ஆகாது. இன்காக்னிட்டோவில் (பழைய தேடல்களை நினைவில் வைக்காத பிரவுசர் சாளரம்) தேடுங்கள். வெளியூரில் இருக்கும் ஒருவரையும் தேடச் சொல்லுங்கள், ஏனென்றால் இடத்தைப் பொறுத்தும் முடிவுகள் மாறும்.

அப்புறம், கூகுள் சர்ச் கன்சோல். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று கூகுளே காட்டும் கருவி, இலவசம். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கிய இடத்தில் ஒரு டிஎக்ஸ்டி பதிவை (கூகுள் தரும் ஒரு வரிக் குறியீடு) சேர்த்தால் தளம் உங்களுடையது என்று உறுதியாகிவிடும். புள்ளிவிவரம் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். இந்தக் கணக்கு உங்கள் சொந்த மெயிலில் இருக்க வேண்டும், தளம் செய்தவரின் மெயிலில் அல்ல. டொமைன் லாகினும் அப்படியே. தன் கடைப் பெயரில் உள்ள டொமைனுக்கே பாஸ்வேர்டு தெரியாமல் வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும். இன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.

## அறிகுறி 1: கடைப் பெயரைத் தட்டினாலும் தளம் வரவில்லை

முதல் சோதனை: கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைத் தட்டுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் தளம் கூகுளின் பட்டியலிலேயே இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சர்ச் கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் முகவரியை ஒட்டி இன்னொரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். காரணத்தையும் அதுவே சொல்லிவிடும்.

### பட்டியலிலேயே இல்லை என்றால்

நோஇன்டெக்ஸ். வேர்ட்பிரஸ் தளமா? செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு பெட்டி கடைசியில் இருக்கும். தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். ஓர் ஆண்டு முழுக்க விளம்பரத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் தளத்தில் நான் செய்த மொத்த வேலை அந்த டிக்கை எடுத்ததுதான். வேறு கருவியில் செய்த தளம் என்றால், கணினியில் கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தி, பக்கத்தின் மூலத்தில் நோஇன்டெக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ரோபோட்ஸ் கோப்பு. தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் கோப்பு இது. டொமைனுக்குப் பின் சாய்கோடு போட்டு ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று தட்டிப் பாருங்கள். டிஸ்அலோ என்ற வரியில் ஒரே ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால் வீட்டு வாசலையே பூட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த வரியை நீக்குங்கள்.

தளம் புதிது. வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்றால் பதற வேண்டாம். சர்ச் கன்சோலில் முகவரியைச் சோதித்துவிட்டு, ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங் என்ற பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். தினமும் அழுத்துவதால் வேகம் கூடாது. ஒரு பக்கத்துக்குச் சைட்மேப் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) கட்டாயம் இல்லை. அதைவிட, உங்களுக்குச் சரக்கு தரும் நிறுவனமோ நீங்கள் உறுப்பினராக இருக்கும் வியாபாரிகள் சங்கமோ தங்கள் தளத்திலிருந்து ஓர் இணைப்புக் கொடுத்தால் நல்ல பலன் உண்டு.

வந்து பார்த்துவிட்டுச் சேர்க்காமல் போயிருக்கிறது. சர்ச் கன்சோலில் "கிரால்டு – கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு" என்று இருந்தால் இதுதான். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பெரிய படம், ஒரு வாசகம், ஒரு தொடர்புப் படிவம் மட்டும் இருக்கும். படிக்க ஒன்றும் இல்லாத பக்கத்தை வைத்துக் கூகுள் என்ன செய்யும்? அறிகுறி 2-இல் சொல்லும் எழுத்து வேலையை முதலில் செய்யுங்கள்.

பக்கம் கூகுளுக்கு வெறுமையாகத் தெரிகிறது. ரியாக்ட் போன்றவற்றில் செய்த தளங்களில் மூலத்தைத் திறந்தால் சில வரிகள்தான் இருக்கும், எழுத்தெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) ஓடிய பிறகுதான் வரும். கூகுள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும், 2019 முதல் புதிய குரோம் வடிவத்திலேயே ஓட்டுகிறது. ஆனாலும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் அதற்குக் கிடைப்பது வெள்ளைத் தாள்தான். சர்ச் கன்சோலில் டெஸ்ட் லைவ் யூஆர்எல் கொடுத்து அங்கே வரும் படத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் தளம் செய்தவரைக் கூப்பிடுங்கள். எழுத்தைச் சர்வரிலிருந்தே வரும்படி மாற்றச் சொல்லுங்கள். ஒரே பக்கத் தளத்துக்கு இவ்வளவு பாரமான கருவி தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. சாதாரண எச்டிஎம்எல் கோப்பு ஒன்று போதும்.

### பட்டியலில் இருக்கிறது, பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால்

முருகன் பெயரிலும் லட்சுமி பெயரிலும் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பெயரோடு ஊரையும் தொழிலையும் டைட்டிலில் (தேடல் முடிவில் தலைப்பாகத் தெரியும் வரி) சேர்த்துவிடுங்கள். பெயர் லோகோ படத்தில் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்தாக, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு முறையாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: சர்ச் கன்சோலின் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் அல்லது செக்யூரிட்டி இஷ்யூஸ் பகுதியில் (விதிமீறல் நடவடிக்கை, பாதுகாப்புக் கோளாறு) ஏதாவது செய்தி இருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

## அறிகுறி 2: பெயருக்கு வருகிறது, செய்யும் தொழிலுக்கு வரவில்லை

உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கும். ஏற்கெனவே பெயர் தெரிந்தவர் போன் போட்டே வந்துவிடுவார். புதிய ஆள் தேடுவது தொழிலைத்தான்.

ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையை எடுத்துக்கொள்கிறேன். நீளமான, அழகான ஒரே பக்கம். டேபிள் ஃபேன், மிக்ஸி, வீட்டு மோட்டார், போர்வெல் சப்மெர்சிபிள், மில் மோட்டார் எல்லாம் அதில் உண்டு. பெயருக்கு முதலிடம். "போர்வெல் மோட்டார் ரிப்பேர்" என்று ஊர்ப் பெயரோடு தேடினால் மூன்றாம் பக்கத்திலும் காணோம். நான்கு கட்டமாகப் பார்த்தோம்.

### முதலில்: அந்தச் சொல் பக்கத்தில் எழுத்தாக இருக்கிறதா?

உங்கள் பக்கத்தைத் திறந்து, வாடிக்கையாளர் தேடும் சொல்லைக் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தித் தேடுங்கள். கிடைக்கவில்லையா? மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

ஒன்று, விவரம் எல்லாம் நோட்டீஸ் போல வடிவமைத்த படத்தில் இருக்கும். வாட்ஸ்அப்புக்குச் செய்த அதே படத்தைத் தளத்திலும் போட்டிருப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீர்கள், அதே வாசகத்தைத் தட்டச்சு செய்து போடுங்கள்.

இரண்டு, தமிழ் எழுத்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பை. சோதனை எளிது: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தால் கூகுளுக்கும் அப்படித்தான் தெரிகிறது. மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அச்சகத்தில் வாங்கிய பழைய கோப்பை அப்படியே ஒட்டிய தளங்களில் இதை இன்றும் பார்க்கிறேன்.

மூன்று, நீங்கள் எழுதியிருப்பது ஒரு சொல், மக்கள் தேடுவது வேறு சொல். "தரமான மின்பொறிச் சேவை" என்று யாரும் தேட மாட்டார்கள். கடைக்கு வரும் போனில் என்ன சொல்லிக் கேட்கிறார்களோ அதை எழுதுங்கள். "மோட்டார் காயில் போயிடுச்சு, கட்ட எவ்வளவு ஆகும்?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் பதில் இருக்கிறதா?

இன்னொன்று. சில டெம்ப்ளேட்டுகள் போனில் பார்க்கும்போது பத்திகளைக் கழற்றிவிடும். கூகுள் இப்போது போன் வடிவத்தைத்தான் படிக்கிறது, அந்த மாற்றம் முடிந்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. கணினியில் மட்டும் தெரியும் எழுத்து கணக்கில் வராது. தட்டினால் விரியும் பெட்டிக்குள் இருந்தால் பரவாயில்லை. தட்டிய பிறகுதான் இணையத்திலிருந்து இறங்குகிறது என்றால் கூகுள் அதைப் பார்க்காது, அது எதையும் தட்டுவதில்லை.

### அடுத்து: மேலே வரைபடம் வருகிறதா?

உங்கள் தொழிலைத் தேடும்போது முதலில் வரைபடமும் மூன்று கடைகளும் வந்தால், நீங்கள் தளத்தோடு போராடிக்கொண்டிருப்பது தவறான இடம். அங்கே வருவது பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் மேப்பில் கடைக்கென்று இருக்கும் பதிவு. பொருத்தம், தூரம், பெயரெடுத்திருப்பது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் கூகுள் அந்த வரிசையை முடிவு செய்கிறது. சரியான பிரிவைத் தேர்ந்தெடுங்கள். நேரம், போன் எண், முகவரி மூன்றும் தளத்தில் உள்ளபடியே இருக்கட்டும். வேலை முடித்துக் கொடுத்தவரிடம் ஒரு விமர்சனம் எழுதச் சொல்லிக் கேளுங்கள், காசு கொடுத்து எழுத வைக்காதீர்கள். ஒரே பக்கத் தளம் வைத்திருக்கும் உள்ளூர்க் கடைக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு மணி நேர வேலை வேறில்லை.

### அப்புறம்: பெர்ஃபார்மன்ஸ் அறிக்கை

சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்கு வரை கிடைக்கும். குவெரீஸ் பட்டியலில் (மக்கள் தட்டிய தேடல்கள்) உங்கள் தொழில் சொற்களைத் தேடி, சராசரி இடத்தைப் பாருங்கள்.

- சொல்லே இல்லை: மேலே சொன்ன எழுத்து வேலை இன்னும் முடியவில்லை.
- 8 முதல் 20-க்குள்: இருக்கும் பக்கமே போதும். டைட்டிலில் அந்தச் சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள், அந்தப் பகுதிக்கு ஒரு துணைத்தலைப்பும் உருப்படியான நான்கு பத்தியும் கொடுங்கள். ஆறு வாரம் விட்டுப் பாருங்கள்.
- 40-க்கு அப்பால், அதுவும் மாதக்கணக்காக: இந்த ஒரு பக்கத்தால் அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

இந்த எல்லைகள் கூகுள் சொன்னவை அல்ல, என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்டவை.

### கடைசியாக: பிரிப்பது

மூன்றாவது நிலை வந்தால்தான் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு டைட்டில்தான் இருக்க முடியும். அதில் ஃபேன், மிக்ஸி, போர்வெல், மில் மோட்டார் என்று எல்லாவற்றையும் அடைத்தால் எதற்கும் அது தலைப்பாக இருக்காது. எதிரில் போர்வெல் மோட்டாருக்கென்றே பக்கம் வைத்திருப்பவர் முன்னால் போவது நியாயம்தானே.

மோட்டார் கடைக்கு நாங்கள் இரண்டே இரண்டு பக்கம்தான் கூடுதலாகப் போட்டோம்: போர்வெல் சப்மெர்சிபிள் ஒன்று, மில் மோட்டார் ஒன்று. பணம் வருவது அவற்றில்தான். மிக்ஸியும் ஃபேனும் முதல் பக்கத்திலேயே இருந்தன. போர்வெல் பக்கத்தில் எத்தனை எச்பி வரை எடுப்பார்கள், மேலே தூக்கும் வேலையும் செய்வார்களா, எத்தனை நாளாகும், காயில் கருகியதா பேரிங் போனதா என்று எப்படித் தெரியும் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லச் சொல்ல எழுதினோம். முதல் பக்கத்தின் போர்வெல் பகுதியிலிருந்து அதற்கு இணைப்பு. சில மாதத்தில் அந்தப் பக்கம் தேடலில் மேலே வந்தது. அவர் நம்பி வந்தது "பத்துப் பக்கம் வேண்டும்" என்று. தேவைப்பட்டது இரண்டு.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். ஒரே பக்கத்தை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பதினைந்து பக்கம் போடுவது. கூகுள் இதை ஸ்பேம் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. மெட்டா கீவேர்ட்ஸில் (பக்கத்தின் மூலத்தில் மறைவாக இருக்கும் சொற்பட்டியல்) சொற்களைக் கொட்டுவதும் வீண், அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதற்குத் தனியாகக் காசு கேட்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இதையெல்லாம் செய்து ஆறு மாதம் ஆகியும், முதல் பக்கம் முழுக்கப் பெரிய டைரக்டரித் தளங்களே நிற்கின்றன என்றால். "முதலிடம் உறுதி" என்று சொல்பவரைக் கூப்பிட வேண்டாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது.

## அறிகுறி 3: மெனுவில் ஆறு பக்கம் இருக்கிறது, கூகுளுக்கு ஒன்றுதான் தெரிகிறது

மெனுவில் ஒன்றைத் தட்டி, முகவரிப் பட்டையைப் பாருங்கள். முகவரியில் # குறி வருகிறதா?

# வருகிறது, பக்கம் கீழே நகர்கிறது. இதில் பழுது எதுவும் இல்லை. ஒரே பக்கத் தளம் இப்படித்தான் இருக்கும். ஆனால் அவை ஆறு பக்கங்கள் அல்ல, ஒரு பக்கத்தின் ஆறு பகுதிகள். # குறிக்குப் பின்னால் உள்ளதைக் கூகுள் தனி முகவரியாக எடுத்துக்கொள்ளாது.

# வருகிறது, உள்ளடக்கமே மாறுகிறது. இதுதான் பழுது. முதலில் தெரிவது மட்டும் பட்டியலில் ஏறும், மற்ற ஐந்தும் ஏறாது. # குறியோடு ஆச்சரியக்குறி சேர்ந்த முகவரிகள் ஒரு காலத்தில் கூகுளே சொன்ன வழி. 2015-இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பழைய டெம்ப்ளேட்டுகளில் இன்னும் கிடக்கிறது. # இல்லாத உண்மையான முகவரிகளுக்கு மாற்ற வேண்டும். இது தளம் செய்தவரின் வேலை.

# இல்லை, முகவரி மாறுகிறது, ஆனாலும் பட்டியலில் இல்லை. அந்த முகவரியை நகலெடுத்து இன்காக்னிட்டோவில் நேராகத் திறங்கள். 404 (பக்கம் இல்லை என்ற செய்தி) வந்தால் சர்வர் அமைப்பில் கோளாறு. இல்லாத ஒரு முகவரியை வேண்டுமென்றே தட்டினாலும் முதல் பக்கமே வருகிறதா? அதுவும் கோளாறுதான். இரண்டையும் தளம் செய்தவரிடம் இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள், புரிந்துகொள்வார். அடுத்து, மெனு உண்மையான இணைப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கிரிப்டில் ஓடும் வெறும் பொத்தானாக இருந்தால் அதைத் தொடர்ந்து கூகுள் உள்ளே போகாது.

## அறிகுறி 4: முன்னால் வந்துகொண்டிருந்தது, திடீரென்று காணோம்

டொமைன் காலாவதி ஆகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். புதுப்பிக்கும் மெயில் பழைய ஐடிக்குப் போய்க் கிடக்கும்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலிலேயே இலவசமாகச் செய்துகொண்ட ஒரே பக்கத் தளமா? அந்த வசதியைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. கொஞ்ச நாள் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டு, ஜூனில் அதுவும் முடிந்தது. பழைய முகவரியை மீட்க முடியாது. சொந்த டொமைனில் புதிதாகப் போட்டு, புரொஃபைலிலும் விசிட்டிங் கார்டிலும் முகவரியை மாற்றுங்கள்.

அண்மையில் தளத்தைப் "புதுசா, மாடர்னா" மாற்றினீர்களா? பல பக்கத் தளத்தை ஒரே பக்கமாக்கும்போது பழைய முகவரிகள் எல்லாம் 404 ஆகிவிடும், அவை சேர்த்து வைத்த மதிப்பும் போய்விடும். எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்கே 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுத்துத் திருப்பினால் போதும் என்பார்கள். போதாது. பொருத்தமில்லாத திருப்பலைக் கூகுள் பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். சர்ச் கன்சோலில் முன்பு அதிகம் கிளிக் வாங்கிய பக்கங்கள் எவை என்று பார்த்து, அவற்றை மட்டுமாவது பழைய முகவரியிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். 16 மாதம் தாண்டினால் அந்தக் கணக்கும் கிடைக்காது, தள்ளிப்போடாதீர்கள்.

சைட் தேடலில் உங்களுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஜப்பானிய எழுத்தோடு, வருகின்றனவா? தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். உடனே ஆளைக் கூப்பிடுங்கள். கோப்புகளை நீங்களாக அழித்தால் புகுந்த வழி தெரியாமலே போய்விடும், மறுபடி வருவார்கள்.

## அறிகுறி 5: தேடலில் தலைப்பு "ஹோம்" என்றோ வேறெதுவோ காட்டுகிறது

டைட்டில் டேக் டெம்ப்ளேட்டோடு வந்ததாகவே இருக்கிறது. தொழில், ஊர், பெயர் என்ற வரிசையில் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் கூகுள் வேறு காட்டினால், பக்கத்தின் பெரிய தலைப்பும் டைட்டிலும் வேறுவேறு விஷயம் பேசுகின்றனவா என்று பாருங்கள். "வரவேற்கிறோம்" என்ற பெரிய தலைப்பை எடுத்துவிட்டு நீங்கள் செய்யும் வேலையை அங்கே எழுதுங்கள்.

## அறிகுறி 6: தேடலில் வருகிறது, திறப்பதற்குள் போய்விடுகிறார்கள்

ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் வைப்பதால் வரும் நோய் இது. ஸ்லைடர், நாற்பது படம், வீடியோ, வரைபடம் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கப் பார்க்கும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, மொபைல் பகுதியைப் பாருங்கள். எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள், ஐஎன்பி (தட்டினால் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லிநொடிக்குள், சிஎல்எஸ் (இறங்கும்போது பக்கம் குதிக்கும் அளவு) 0.1-க்குள் இருந்தால் நல்லது.

போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பதுதான் முதல் சந்தேகம். அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) வடிவத்தில் மாற்றுங்கள். கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் இறங்கும் முறை) கொடுங்கள், முதல் படத்துக்குக் கொடுக்காதீர்கள், அது இன்னும் தாமதமாக்கும். ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே ஒரு நல்ல படம் வையுங்கள். யூடியூப் வீடியோவுக்குப் பதில், தட்டினால் வீடியோவுக்குப் போகும் ஒரு படம் போதும். இவ்வளவும் செய்து எல்சிபி இன்னும் 4 நொடிக்கு மேல் இருந்தால், முதல் எழுத்தைக் கொடுக்கவே சர்வர் தாமதிக்கிறதா என்று அதே அறிக்கையில் பாருங்கள். சர்வர்தான் காரணம் என்றால் ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டும். மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் தளத்தின் முழு பேக்கப்பையும் உங்கள் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.